எலான் பள்ளத்தாக்கில் ஒரு நடை



மலை என்றதும் உங்களுள் பலருக்குச் சிகரம் ஏறுதலே நினைவுக்கு வரும். கயிறும் கோடரியும் ஏந்திப் பனிமுகட்டில் நிற்கும் வீரரின் படத்தைப் பாடநூலில் பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது அத்தகைய மலையைப் பற்றி அன்று. அறுபத்தேழு வயதும், மழைக்காலத்தில் முனகும் முழங்கால்களும் உடைய ஒரு பழைய தலைமையாசிரியன் தடியூன்றி நடந்துவிட்டு இருட்டுமுன் திரும்பக்கூடிய மலைப்பாதை ஒன்றைப் பற்றியே பேசப்போகிறேன். அப்பாதை பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸ் நாட்டில், எலான் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது.

என் மகள் பர்மிங்காம் நகரில் குடும்பத்தோடு வாழ்கிறாள். சென்ற கோடையில் அவளிடம் சில மாதங்கள் தங்கியிருந்தேன். முதல் நாள் காலையில் குழாயிலிருந்து ஒரு குவளை நீர் பிடித்துக் குடித்தேன். உப்புச்சுவை சிறிதும் இல்லாத மென்னீர். பெரிய ஆறு எதுவும் இல்லாத இந்நகரத்துக்கு இவ்வளவு நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பன்னிரண்டு வயதான என் பேரன், "வேல்ஸ் மலையிலிருந்து வருகிறது, தாத்தா. பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்" என்றான். எவ்வளவு தூரம், எவ்வாறு வருகிறது என்றேன். தெரியாது என்றான். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பிழைத்தவனை அந்தத் "தெரியாது" சும்மா விடுமா? அடுத்த சனிக்கிழமை விடியற்காலையிலேயே புறப்பட்டோம்.

காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேற்கே சென்றால் ரேயடர் என்னும் சிற்றூர் வரும். ஊரின் முழுப் பெயருக்கு வேல்ஸ் மொழியில் 'வை ஆற்றின் அருவி' என்று பொருள். அருவியைத் தேடினால் ஏமாற்றம்தான். 1780ஆம் ஆண்டில் பாலம் கட்டுவதற்காகப் பாறையை உடைத்தபோது அருவியின் பெரும்பகுதி போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இவ்வூருக்கு வந்துகொண்டிருந்த இரயில் பாதையும் 1962ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது.

ரேயடரில் பாலத்தைக் கடந்து மேற்கே சென்றவுடன் நம் பாதை தொடங்குகிறது. அங்கிருந்து நான்கு அணைகளைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ ஒன்பது மைல் செல்கிறது. முழுவதும் நடக்க வேண்டும் என்பதில்லை. நாங்கள் காலையில் மூன்று நான்கு மைல் நடந்தோம். பிறகு காரில் ஏறி மேலே சென்று, விரும்பிய இடங்களில் இறங்கி நடந்தோம். அகலமான, திருத்தமான பாதை. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் தாய்மாரையும், சக்கர நாற்காலியில் செல்வோரையும் வழியில் கண்டோம். அணைகளை ஒட்டிய இடங்களில் மட்டும் சிறிது ஏற்றம் உண்டு. இருபுறமும் கருவாலி மரங்கள்; அவற்றின் மேல் பச்சைப் பாசி; அதற்கும் மேலே மொட்டையான புல்மலைகள்; அவற்றில் வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகள்.

மலைநாட்டில் இவ்வளவு சமமான பாதை எப்படி வந்தது? மலைப்பாதை என்றால் வளைந்து வளைந்து ஏறுவதும் திடீரென்று இறங்குவதும்தானே இயல்பு? நான் பேரனிடம் இக்கேள்வியைக் கேட்டேன். சிறிது தூரம் சென்றபின் அவனே கண்டுகொண்டான். ஓரிடத்தில் பாறையை இருபுறமும் நேராக வெட்டி நடுவே வழி விட்டிருந்தார்கள். "தாத்தா, இது இரயில் ஓடிய வழி!" என்று கூவினான். உண்மைதான். இரயில் வண்டியால் செங்குத்தாக ஏற முடியாது. ஆதலால் இரயில் சென்ற வழி மனிதனுக்கு எளிய வழியாகிவிட்டது. பர்மிங்காம் மாநகராட்சி அணை கட்டுவதற்காகக் கல்லும் சிமெண்டும் ஆட்களும் ஏற்றிச் செல்லப் போட்ட இரயில் பாதை அது. வேலை முடிந்தபின் தண்டவாளங்களை எடுத்துவிட்டார்கள். வெட்டிய பாறையும் நிரப்பிய மண்ணும் அப்படியே இருக்கின்றன.

அணை கட்டிய காரணத்தைச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்காம் தொழிற்சாலைகளால் பெருத்து வளர்ந்தது. மக்கள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளில் கிணற்று நீர் கெட்டது. குடற்காய்ச்சலும் வாந்திபேதியும் ஏழைக் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. நல்ல நீர் வேண்டும். அது மிகுதியாகவும் வேண்டும். எலான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அடியிலுள்ள பாறை நீரை உறிஞ்சாது. பள்ளத்தாக்கின் வாய் குறுகியது. சிறிய சுவரே போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்விடம் பர்மிங்காமை விட உயரத்தில் இருக்கிறது. நீரை எந்திரத்தால் இறைக்க வேண்டியதில்லை. தானே நடந்து வரும். 1892ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டில் வேலை தொடங்கியது. ஜேம்ஸ் மான்செர் என்பவர் பொறியாளர். 1904ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் ஏழாம் எட்வர்டு அரசரும் அரசியாரும் வந்து தொடங்கி வைத்தார்கள்.

பாதையில் முதலில் வருவது எலான் சிற்றூர். இப்போது கல் வீடுகள் வரிசையாக நிற்கும் அழகிய இடம். அணை கட்டிய நாளில் இங்கே மரக் குடிசைகளில் தொழிலாளர் வாழ்ந்தனர். வேலை உச்சத்தில் இருந்தபோது ஐயாயிரம் பேர் வரை உழைத்தனராம். ஆற்றைக் கடந்துதான் குடியிருப்புக்குள் நுழைய முடியும். பாலத்தில் காவலன் நிற்பான். திருட்டுத்தனமாகச் சாராயம் கொண்டுவருவோரைப் பிடிப்பது அவன் வேலை. புதிதாக வேலை தேடி வருவோர் முதலில் ஆற்றின் மறுகரையில் ஒரு விடுதியில் தங்க வேண்டும். அங்கே அவர்களைக் குளிப்பாட்டி, பேன் நீக்கி, தொற்றுநோய் உண்டா என்று பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். கண்டிப்பு மிகுந்த ஏற்பாடு. ஆனால் நோயைத் தடுக்கும் ஏற்பாடு. அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருந்தது. பதினோரு வயது வரைதான் படிப்பு. அதன்பின் வேலைக்குப் போக வேண்டும். என் பேரனிடம் இதைச் சொன்னபோது அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நான் போன வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டிருப்பேன்" என்றான். நாங்கள் நடந்துவந்த வெட்டுப்பாறையை மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்குச் சற்று மேலே காபன் கோஹ் என்னும் முதல் அணை. உயரம் 122 அடி. மழை நாளில் அணை நிரம்பி வழியும்போது சுவர் முழுவதும் ஒரே அருவியாகிவிடும். நாங்கள் சென்ற நாளில் வழியவில்லை. ஈரக்கல் மட்டும் கருத்துத் தெரிந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு இலக்கணம் சொல்ல அனுமதியுங்கள், பழக்கம் விடவில்லை. 'கோஹ்' என்றால் வேல்ஸ் மொழியில் சிவப்பு. நான்காவது அணையின் பெயர் கிரைக் கோஹ், அதாவது செம்பாறை. நம் எழுத்தில் எழுதினால் இரண்டு கோஹும் ஒன்றே. ஒலியில் அவ்வாறு இல்லை. 'கங்குல்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ககரம் வன்மையாகவும், இரண்டாம் ககரம் இழைந்தும் ஒலிக்கின்றன அல்லவா? காபன் கோஹில் முன்னது; கிரைக் கோஹில் பின்னது. பாறை என்னும் சொல் அம்மொழியில் பெண்பால். அதனால் அடுத்து வரும் சொல்லின் முதலெழுத்து திரிந்துவிடுகிறது. நம் மொழியில் கல் என்பதோடு தீது என்பது சேர்ந்தால் கற்றீது ஆகிறது; வருமொழியின் தகரம் றகரமாகத் திரிகிறது. புணர்ச்சி நமக்கே உரியது என்று இறுமாந்திருந்த நான், முன்பின் தெரியாத நாட்டில் ஊர்ப் பெயர்ப் பலகையின் முன் நின்று மகிழ்ந்தேன். பேரன் என்னை இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அணையைத் தாண்டினால் பாதை நீர்த்தேக்கத்தின் கரையோரமாகச் செல்கிறது. அசையாத கரிய நீர். அதில் தலைகீழாக மலை. இவ்வளவு அமைதியான காட்சியை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் அந்நீருக்கு அடியில் உள்ளதைச் சொல்லாமல் இப்பாதையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

அங்கே பதினெட்டுப் பண்ணைகள் இருந்தன. ஒரு தேவாலயமும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. பெரிய மாளிகைகளும் இருந்தன. நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் வெளியேற நேர்ந்தது. இழப்பீடு நிலத்தின் உடைமையாளருக்கு மட்டுமே கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவர்க்கும், கூலிக்கு ஆடு மேய்த்தவர்க்கும் எதுவும் கிடைக்கவில்லை. மூழ்கிய தேவாலயத்துக்குப் பதிலாகக் கரையில் புதிய தேவாலயம் கட்டிக் கொடுத்தார்கள்; பண்ணையாட்களுக்கு வேறு பண்ணை யாரும் கட்டித் தரவில்லை.

மூழ்கிய மாளிகைகளுள் இரண்டு, கல்லூரி மாணவர்கள் அறிந்த ஒருவரோடு தொடர்புடையவை. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1811ஆம் ஆண்டில், இருபது வயதுகூட நிரம்பாத இளைஞராக, கூம் எலான் என்னும் உறவினர் மாளிகையில் வந்து தங்கினார். மறு ஆண்டில் இளம் மனைவியுடன் வந்து, அருகிலிருந்த நந்த்குவில்ட் என்னும் வீட்டைக் குத்தகைக்கு எடுத்து நிலையாக வாழ விரும்பினார். அது கைகூடவில்லை. அந்த இரு வீடுகள் நின்ற இடங்களும் இப்போது நீருக்குள். கடும் வறட்சி ஆண்டுகளில் நீர் இறங்கும்போது நந்த்குவில்ட் தோட்டத்தின் மதிற்சுவர் வெளியே தலைகாட்டுவதுண்டு.

பர்மிங்காம் குழந்தைகளுக்கு நல்ல நீர் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். அதில் எனக்கு ஐயமே இல்லை. நோயில் இறந்த குழந்தைகளின் கணக்கை ஒருபுறமும், இடம்பெயர்ந்த பண்ணைகளின் கணக்கை ஒருபுறமும் வைத்தால் எது பெரிது என்று சொல்ல எவராலும் இயலும். என் மனம் ஒப்பாதது வேறு. நகரம் இலாபம் பெற்றது. நிலக்கிழார் விலை பெற்றார். இழப்பு முழுவதும் குத்தகைக்காரன் தலையில் விழுந்தது. நீருக்காக ஊர் மூழ்கியது ஒரு செய்தி. கணக்கில் அவன் பெயரே எழுதப்படவில்லை என்பது மற்றொரு செய்தி. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

எலானில் எதிர்ப்புக்குரல் பெரிதாக எழவில்லை. பிற்காலத்தில் நிலை மாறியது. வடக்கு வேல்ஸில் கபெல் கெலின் என்னும் வேல்ஸ் மொழி பேசும் சிற்றூரை லிவர்பூல் நகரத்தின் நீர்த்தேவைக்காக 1965ஆம் ஆண்டில் மூழ்கடித்தபோது நாடே கொதித்தது. லிவர்பூல் நகர மன்றம் 2005ஆம் ஆண்டில் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. ஊரார் மன்னித்தார்களா என்பதை ஊராரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆயினும் எலானைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கை மூழ்கடித்த அதே 1892ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. மாநகராட்சி வாங்கும் மலைகளில் வேலியிடப்படாத பொது நிலங்களில் மக்கள் காற்று வாங்கவும், உலாவவும், பொழுதுபோக்கவும் எந்நாளும் செல்லலாம் என்பதே அது. இதன் அருமையை உணர வேண்டுமானால் அக்காலத்தை நினைக்க வேண்டும். வேட்டைக்காகவும், நீர் மாசுபடும் என்று காரணம் காட்டியும், பிரிட்டனில் எத்தனையோ மலைகளில் பொதுமக்கள் கால் வைக்கக் கூடாது என்று தடுத்துவைத்திருந்தார்கள். 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி நடந்த ஆலைத்தொழிலாளர் சிலர் சிறைக்கே சென்றனர். 1949ஆம் ஆண்டுச் சட்டமும் 2000ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகுதான் நடைபாதைகளும் திறந்த மலைகளும் மக்கள் உரிமையாக உறுதிப்பட்டன. எலானிலோ ஏறத்தாழ எழுபது சதுர மைல் நிலத்தில் அவ்வுரிமையின் விதை நெடுங்காலத்துக்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது. ஊரை எடுத்த கையே பாதையையும் கொடுத்தது என்றால், அதை நன்மை என்பதா தீமை என்பதா? வகுப்பில் இத்தகைய கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மணியடிக்கும் வரை பிள்ளைகளைப் பேச விடுவேன்.

நீர்த்தேக்கத்தின் நடுவே கரெக் தீ என்னும் பாலம் வருகிறது. இங்கே தீ என்பது நெருப்பன்று, கருமை. கருங்கல் என்று பொருள். பாலத்தின் அடியில், நீருக்குள் மறைந்து ஓர் அணை இருக்கிறது. வை ஆற்றுக்குரிய பங்கைக் காபன் கோஹிலிருந்து திறந்துவிட்டு அங்கே நீர் இறங்கினாலும், இந்த மறைவான சுவர் மேற்புறத்தில் நீரைத் தடுத்து நிறுத்தும். பர்மிங்காமுக்குப் போகும் வாயில் வறண்டுபோகாது. அந்த வாயில்தான் அருகே கரையில் நிற்கும் வோயல் கோபுரம். பச்சை பூத்த செம்புக் குவிமாடத்தோடு சிறு கோயில் போல இருக்கிறது. அங்கே உள்ளே நுழையும் நீர் 73 மைல் சென்று பர்மிங்காமை அடுத்த ஃபிராங்க்லி நீர்த்தேக்கத்தை அடைகிறது. இவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் 52 மீட்டர்தான். அதாவது 2300 அடிக்கு ஓரடி. போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். நண்பகலில் அக்கோபுரத்தின் முன் உட்கார்ந்து, மகள் கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தை உண்டோம்.

உணவுக்குப்பின் பேரன் வானத்தைக் காட்டினான். செந்நிறப் பருந்து ஒன்று பிளவுபட்ட வாலைத் திருப்பித் திருப்பி வட்டமிட்டுக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் முழுவதும் இப்பறவை அழிந்து, நடு வேல்ஸ் மலைகளில் மட்டும் சில இணைகள் எஞ்சியிருந்தன. முட்டை திருடுவோரிடமிருந்து கூடுகளை ஊரார் சிலர் காவல் காத்து அவற்றைப் பிழைக்க வைத்தனர். இன்று ரேயடரைச் சுற்றி அண்ணாந்து பார்த்தால் போதும்.

எதிர்க்கரையில் நந்த்-அ-க்ரோ என்னும் ஓடைக்கு ஏறும் சிறு நடைவழி உண்டு. அங்கே தொழிலாளர் குடியிருப்புக்கு நீர் தரக் கட்டிய சிற்றணை ஒன்றின் இடிபாடு நிற்கிறது. 1942ஆம் ஆண்டில், ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்க முடியுமா என்று பார்க்க, இதைத்தான் வெடி வைத்துப் பிளந்தார்கள். மறு ஆண்டில் அங்கே அணைகள் உடைந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டனர். கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர் அவர்களுள் பலர். முழங்கால் இடம் கொடுக்காததால் நான் கீழேயே நின்றுவிட்டேன். பேரன் மட்டும் ஓடிச் சென்று பார்த்து வந்தான்.

உங்களுள் எவரேனும் பிற்காலத்தில் அங்கே செல்ல நேரலாம். மழைச்சட்டை இல்லாமல் புறப்படாதீர்கள். வெயிலை நம்பினால் ஒரு மணிக்குள் நனைவீர்கள். மேய்ச்சல் நிலத்தில் கதவைத் திறந்தால் மூடிவிட்டுச் செல்லுங்கள். நீரில் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். கோடையிலும் அது எலும்பை உறையவைக்கும். மற்றொன்று: கூட வருபவருள் மெதுவாக நடப்பவர் எவரோ அவருடைய நடையே எல்லோருடைய நடையாக இருக்கட்டும். நான் பணியில் இருந்த காலத்தில் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது பின்தங்கும் பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். இப்போது நானே பின்தங்குகிறேன்.

மூன்றாம் அணையைக் காரிலிருந்தே பார்த்துவிட்டு நான்காவதான கிரைக் கோஹுக்குச் சென்றோம். வளைந்த சுவரின் மேல் வரிசையாக வளைவுகள். அவற்றின் மேல் சாலை. நான்கில் இதுவே அழகானது என்பது என் கருத்து. தனிப் பள்ளத்தாக்கில் 1952ஆம் ஆண்டில் கட்டிமுடித்த கிளேர்வென் என்னும் பேரணையும் இருக்கிறது. நேரம் போதவில்லை, அதைப் பார்க்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரன் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, "நேற்று நாம் பார்த்த தண்ணீர் வந்திருக்குமா, தாத்தா?" என்று கேட்டான். "கணக்குப் போட்டுச் சொல்" என்றேன். ஒரு தாளை எடுத்து 73 மைலை 36 மணி நேரத்தால் வகுத்தான். "மணிக்கு இரண்டு மைல்தான் வருகிறது. இன்றைக்கு நடுராத்திரிக்குத்தான் வரும்" என்றான். பிறகு என் தடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கள் வேகமும் அவ்வளவுதான், தாத்தா" என்றான்.